பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளையுடன் மட்டக்களப்புக்கு: பெற்றோருக்கான பயணக் குறிப்புகள்

கனடாவில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு ஜூன் மாதக் கடைசியில் பட்டமளிப்பு நடக்கிறது; செப்டெம்பரில் பல்கலைக்கழகம் தொடங்கிவிடுகிறது. இடையில் கிடைக்கும் அந்த இரண்டு மாதங்களுக்குப் பிறகு கோடை வேலை, பயிற்சி, நண்பர்கள் என்று பிள்ளையின் நாட்கள் பிள்ளைக்கே உரியனவாகிவிடும். அதே வேளையில் ஊரில் அம்மம்மாவுக்கு எண்பது வயது நெருங்கிக்கொண்டிருக்கும். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணியே, பட்டமளிப்புக்குப் பரிசாக ஒரு வெளிநாட்டுப் பயணம் என்று வரும்போது அந்தப் பயணம் ஊருக்கானதாக இருக்க வேண்டும் என்று நான் சொல்லுகிறேன். என் மகனுக்குப் பத்து வயதாக இருந்தபோது மூன்று கிழமைப் பயணத்தில் கண்டி, நுவரெலியா, காலி என்று சுற்றிவிட்டு மட்டக்களப்பில் மூன்றே நாட்கள் தங்கினோம். அம்மா அவனுடைய முகத்தைப் பழகுவதற்குள் நாங்கள் பெட்டிகளைக் கட்டிவிட்டோம். அது என் பிழை. அவன் பள்ளியை முடித்த ஆண்டில் அதைத் திருத்திக்கொண்டு, முதலில் கிழக்குக்குப் போய்ப் பதினெட்டு நாட்கள் ஓரிடத்திலேயே தங்கினோம். இந்தக் குறிப்புகள் அந்த அனுபவத்திலிருந்து எழுதப்படுகின்றன.

முதலில் கடவுச்சீட்டைப் பாருங்கள். கனடாவிலும் பிரித்தானியாவிலும் பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு ஐந்து ஆண்டுக் கடவுச்சீட்டே வழங்கப்படுகிறது. பதின்மூன்று வயதில் எடுத்தது பதினெட்டில் முடிந்துவிடும் என்பதைப் பலர் விமானச்சீட்டு வாங்கிய பிறகே கவனிக்கிறார்கள். இலங்கைக்குள் நுழையும் நாளில் அது குறைந்தது ஆறு மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். முப்பது நாட்களுக்கான சுற்றுலா அனுமதியை அரசின் இணையத்தளத்திலேயே, பயணத்துக்கு முன்பாகவே எடுத்துவிடுங்கள். அதைப் போலவே தோற்றமளிக்கும் இடைத்தரகர் தளங்கள் தேவையற்ற கட்டணம் கேட்கும். பிள்ளை பதினெட்டை எட்டாமல், தாயோ தகப்பனோ ஒருவர் மட்டும் கூட்டிச் செல்வதானால், மற்றவர் கையெழுத்திட்டு நொத்தாரிசு உறுதிப்படுத்திய சம்மதக் கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும். பிரித்தானியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு கவனமும் தேவை: உயர்தரப் பரீட்சை முடிவுகள் ஆகஸ்ட் நடுப்பகுதியில் வருவதால், அந்த நாளில் நல்ல இணைய இணைப்புள்ள இடத்தில் பிள்ளை இருக்குமாறு திட்டமிடுங்கள்.

தடுப்பூசி பற்றிக் குடும்ப மருத்துவரை ஆறு கிழமைகளுக்கு முன்பே கேட்பது நல்லது. இலங்கை மலேரியா அற்ற நாடு என்று 2016 இல் உலக சுகாதார அமைப்பு அறிவித்துவிட்டது; ஆனால் டெங்கு இருக்கிறது, அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிக்கிறது. தெருநாய் கடித்தாலோ கீறினாலோ, காயம் சிறிதென்று விடாமல் சவர்க்காரமிட்டு நெடுநேரம் கழுவி, அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இலவச அம்புலன்ஸ் சேவைக்கு 1990 என்ற எண்ணைப் பிள்ளையின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

ஜூலையும் ஆகஸ்டும் கிழக்கில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்கள். மழை அரிது, வெயில் கடுமையாக இருக்கும், வயல்களில் சிறுபோக அறுவடை நடக்கும். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் ஹபரணை, பொலநறுவை, வாழைச்சேனை வழியாக வருவதானால் ஆறேழு மணித்தியாலம் ஆகும். புகையிரதம் அதைவிட நேரம் எடுக்கும் என்றாலும், கொழும்புக் கோட்டையிலிருந்து பகலில் புறப்படும் உதயதேவியை நான் விரும்புகிறேன். காடும் குளமும் வயலும் மெல்ல மாறிக்கொண்டு வர, தாங்கள் எவ்வளவு தூரம் கிழக்கே போகிறோம் என்பதைப் பிள்ளைகள் உடலால் உணர்கிறார்கள். ஆசனங்களை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள்.

வந்து சேர்ந்த முதல் இரண்டு மூன்று நாட்களில் எந்தத் திட்டமும் வேண்டாம். பிள்ளை பகலில் தூங்கும், இரவில் விழித்திருக்கும், சாப்பாட்டை அளைந்துவிட்டு வைக்கும். ‘இன்னும் கொஞ்சம் போடவா’ என்று நான்கு பேர் சுற்றி நிற்கும்போது மறுக்கத் தெரியாமல் தவிக்கும். ‘போதும் மாமி, பிறகு சாப்பிடுறன்’ என்ற ஒரு வசனத்தைப் புறப்படுவதற்கு முன்பே பழக்கிவிட்டால் அந்தத் தவிப்புப் பாதியாகக் குறையும். கொதித்தாறிய நீர், இளநீர், சோறு, சொதி என்று தொடங்கி, வயிறு பழகிய பிறகு நண்டுக்கும் இறாலுக்கும் போகலாம். எருமைப் பாலில் உறைந்த சட்டித் தயிரைத் தேன் ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள். வேறெதையும் தொடாத பிள்ளைகூட அதைத் திரும்பக் கேட்கும்.

உறவுமுறைச் சொற்களை வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக் கூட்டிச் செல்வது மிக முக்கியம். யார் மாமி, யார் சித்தி, யாரை மச்சாள் என்று அழைக்க வேண்டும் என்பது நம் பக்கத்தில் வெறும் மரியாதை மட்டும் அல்ல. யார் யாருக்கு என்ன உரிமை உடையவர் என்பதையே அந்தச் சொல் காட்டுகிறது. மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர்களிடையே குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. தாயின் குடியே பிள்ளையின் குடி. ஒரே குடிக்குள் திருமணம் செய்வதில்லை. வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்கே சேர்கின்றன. கோயில்களின் நிருவாகத்திலும் திருவிழா உரிமைகளிலும் குடிகளுக்கு இன்றும் இடம் உண்டு. வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இது புதிய செய்தி. தன் குடியின் பெயரை அம்மம்மாவின் வாயால் முதன்முதலாகக் கேட்டபோது, அது அவளிடமிருந்து என் வழியாகத் தன்னிடம் வந்திருக்கிறது என்பதை என் மகன் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தான்.

ஆகவே பிள்ளைக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். பள்ளியில் நேர்காணல் எடுக்கவும், ஆவணம் தேடவும், கட்டுரை எழுதவும் கற்றுக்கொண்ட பிள்ளை அது. அந்தத் திறமை பயன்பட வேண்டிய இடம் இந்த முற்றம். தொலைபேசியில் ஒலிப்பதிவை இயக்கிவிட்டு மூத்தவர்களோடு உட்காரச் சொல்லுங்கள். ‘உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எவரும் பேச மாட்டார்கள். 1957 வெள்ளத்தின்போது எங்கே இருந்தீர்கள், 1978 நவம்பர் சூறாவளியில் கூரை என்ன ஆனது, மண்முனையில் 2014 இல் பாலம் திறப்பதற்கு முன் பாதையில் ஏறி வாவியைக் கடந்தது எப்படி என்று கேட்டால் கதை தானாக வரும். பாதை என்றால் இங்கே தெரு அல்ல, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவை என்பதை அப்போது பிள்ளை தெரிந்துகொள்ளும். வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. சூரியன் படுவதையும் எழுவதையும் வைத்தே ஊரைப் பிரித்திருக்கிறார்கள். காலையில், வெயில் ஏறுமுன், ஒரு நாளைக்கு அரை மணித்தியாலம் போதும். என் அம்மா முதல் நாள் கூச்சப்பட்டாள். மூன்றாம் நாள், ‘வா மனே, இண்டைக்கு எதைக் கேக்கப் போறா?’ என்று அவளே பாயை விரித்து வைத்திருந்தாள்.

இத்துடன் குடும்ப ஆவணங்களையும் தேடி எடுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் பெறலாம். பெயர், திகதி, பதிவுப் பிரிவு ஆகியவற்றை முன்பே எழுதிச் சென்றால் வேலை விரைவாக முடியும். அம்பாறை மாவட்டம் 1961 இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. ஆகையால் காரைதீவிலோ திருக்கோவிலிலோ அதற்கு முன் பிறந்த ஒருவரின் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருந்தால் குழம்ப வேண்டியதில்லை. பிள்ளையையும் உடன் கூட்டிச் சென்று, வரிசையில் நிற்கவும் படிவத்தைத் தமிழில் நிரப்பவும் விடுங்கள்.

பட்டமளிப்பை ஊரில் எப்படிக் கொண்டாடுவது என்பதில் பெற்றோர் நிதானமாக நடந்துகொள்ள வேண்டும். மேலங்கியையும் தொப்பியையும் கொண்டுபோய் அம்மம்மாவுடன் ஒரு படம் எடுப்பது அழகான செயல். அந்தப் படம் சுவரில் ஏறும். சான்றிதழின் பிரதியைக் கொண்டுபோங்கள், மூலத்தைக் கொண்டுபோக வேண்டாம். ஆனால் மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அடித்து விழா நடத்துவதை நான் விரும்பவில்லை. அதே வீட்டில், அதே வயதில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்காகக் காத்திருக்கும் மச்சானோ மச்சாளோ இருக்கக்கூடும். இலங்கையில் அரச பல்கலைக்கழக இடங்கள் குறைவு; நன்றாகப் படித்த பிள்ளைகளும் இரண்டாம், மூன்றாம் தடவை எழுதுகிறார்கள். அதை உங்கள் பிள்ளைக்கு முன்பே விளக்கிச் சொல்லுங்கள். கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் உறவுகளுக்கு ஒரு நேரச் சாப்பாடு, அந்த மச்சாளின் படிப்புக்குத் தேவையான புத்தகங்களோ வகுப்புக் கட்டணமோ கொடுக்கும் ஓர் ஏற்பாடு, இவை போதுமானவை. கொடுப்பதைப் பிறர் பார்க்காத நேரத்தில் அவளுடைய தாயிடம் கொடுங்கள்.

ஆடி அமாவாசையை ஒட்டி நீங்கள் நிற்பீர்களானால் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்துக்கும், அம்பாறைப் பக்கம் என்றால் திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயில் தீர்த்தத்துக்கும் போகலாம். காலமான தந்தைக்காக விரதமிருக்கும் நாள் அது. தாத்தாவைக் கண்டிராத பிள்ளைக்கு அவரைப் பற்றிச் சொல்ல அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. கோயிலுக்கு ஆண்பிள்ளை வேட்டியுடனும், பெண்பிள்ளை பாவாடை தாவணி அல்லது பஞ்சாபி உடையுடனும் செல்லட்டும். வீட்டில் பிறப்பு, இறப்பு போன்றவற்றால் துடக்கு (தீட்டு) இருந்தால் தவிர்த்துவிடுங்கள். கண்ணகி அம்மன் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் வைகாசியில் நடப்பதால் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பதில்லை. அதைப் பின்னொரு ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் சுற்றுவதற்கு நான்கைந்து நாட்கள் போதும். கல்லடிப் பாலத்தை மாலையில் நடந்தே கடவுங்கள். பழைய இரும்புப் பாலம் 1924 இலிருந்து நிற்கிறது, வாகனங்கள் செல்லும் புதிய பாலம் 2013 இல் திறக்கப்பட்டது. நிலாக் காலமானால் வள்ளத்தில் போய், துடுப்பின் ஒரு முனையை நீருக்குள் வைத்து மறுமுனையில் காதை வைத்து, மீன்கள் பாடுவதாகச் சொல்லப்படும் ஒலியைக் கேட்கச் சொல்லுங்கள்; மட்டக்களப்புக்கு மீன்பாடும் தேன்நாடு என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. கல்லடி உப்போடையில் சுவாமி விபுலாநந்தரின் சமாதி இருக்கிறது. 1892 இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானம் படித்து, துறவியாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் அவர். பொறியியலோ கணிதமோ படிக்கப் போகும் பிள்ளைக்கு, பழந்தமிழ் இசையைக் கணக்கிட்டு ஆராய்ந்த அவருடைய யாழ்நூல் 1947 இல் வெளிவந்த செய்தியைச் சொல்லுங்கள். புளியந்தீவில் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை உண்டு. தெற்கே போகும் நாளில் மருதமுனையில் நெசவுச் சாரங்களும் சேலைகளும் வாங்கலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் முஸ்லிம் ஊர்களில் கடைகள் அடைத்திருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். அலைச்சறுக்கு விரும்பும் பிள்ளைக்குப் பொத்துவில் அறுகம்பையில் இதுவே பருவம். குளிக்க வேண்டுமானால் பாசிக்குடா. அங்கே நெடுந்தூரம் ஆழமில்லை. வாவியில் முதலைகள் உண்டு, கரையில் நின்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் பயணத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். பிள்ளை போரைப் பற்றிக் கேட்கும்; உணவு மேசையில், எல்லோர் முன்னிலையிலும் கேட்கும். நம் கிராமங்களிலும் அயலிலுள்ள முஸ்லிம் கிராமங்களிலும் 1990 ஆம் ஆண்டுப் படுகொலைகள் விட்டுச் சென்ற இழப்புகள் இன்னும் ஆறவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று நாவலடியையும் கல்லடியையும் கடல் கொண்டது. 2019 ஏப்ரல் 21 அன்று சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவரின் படத்துக்கு முன் விளக்கு எரியும். படத்தில் இருப்பவர் யார் என்று பிள்ளை கேட்கலாம், பெயரைக் கேட்டு நினைவில் வைக்கலாம். எப்படி இறந்தார் என்பதை வீட்டார் தாமாகச் சொன்னால் மட்டுமே கேட்கட்டும். இராணுவ முகாம்களையும் காவலரண்களையும் படமெடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்.

கடைசி இரண்டு நாட்களை வெறுமையாக விடுங்கள். சொல்லிக்கொண்டு வருவதற்கென்றே ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போக வேண்டியிருக்கும். போகாமல் விட்ட ஒரு வீடு பத்து ஆண்டுகளுக்குப் பேச்சாக இருக்கும். ஒலிப்பதிவுகளை ஊரிலுள்ள உறவினரின் தொலைபேசியிலும் ஒரு பிரதி வைத்துவிட்டு வாருங்கள். விமானத்துக்கு ஒரு முழு நாள் முன்னதாகவே மட்டக்களப்பிலிருந்து புறப்படுங்கள். பொலநறுவைக்கும் கல்லோயாச் சந்திக்கும் இடையே யானைகள் தண்டவாளத்தைக் கடக்கும் இடங்களில் புகையிரதம் மெதுவாகவே செல்லும், சில வேளைகளில் நெடுநேரம் தரித்தும் நிற்கும். முறுக்கு, தொதல், கஜு ஆகியவற்றைப் பெரிய பெட்டியில் வையுங்கள். அம்மம்மா கடைசி நேரத்தில் பிள்ளையின் கையில் வைப்பதை, அது எதுவானாலும், கைப்பையிலேயே வைத்திருக்க விடுங்கள்.