ஊசி என்றதும் மயக்கம் வருகிறதா? தளர விடாதீர்கள், இறுக்குங்கள்

"உடம்பைத் தளர விடுங்கோ, பயப்பிடாதேங்கோ" என்றார் தாதி. தளர விட்டேன். கண் திறந்தபோது கதிரைக்குக் கீழே கிடந்தேன். திருகோணமலையில் சும்மா ஓர் இரத்தப் பரிசோதனைக்குப் போன அன்று நடந்தது இது.

ஊசிக்குப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பலருக்கு நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். அவர்களுக்கு மெதுவாக மூச்சு விடுவது உதவும். சிலருக்கோ இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென்று இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும். நான் இந்த ரகம். நமக்குத் தேவை அழுத்தத்தை மேலே தூக்குவது.

அதற்கு 1980களில் ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ் யோரன் ஓஸ்ட் வளர்த்தெடுத்த முறை ஒன்று இருக்கிறது. ஊசிக்கு ஒரு வாரம் முன்பே வீட்டில் பழகுங்கள். கதிரையில் இருந்து கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 செக்கன் இறுக்குங்கள். மூச்சை மட்டும் அடக்க வேண்டாம். திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் ஒரு வாளி வெந்நீரைத் தலையில் ஊற்றியதுபோல முகத்தில் சூடு ஏறும்; அதுதான் அடையாளம். பிறகு 20, 30 செக்கன் வழமை நிலைக்கு வாருங்கள், துவண்டு சாய வேண்டாம். இப்படி ஐந்து தடவை. பிரஷர், இதய வருத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் டொக்டரிடம் கேளுங்கள்.

போகிற அன்று சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தால் தண்ணீராவது குடிக்கலாமா என்று கேட்டு வையுங்கள்.

அங்கே போனதும் வெட்கப்படாமல், "மிஸ், எனக்கு ஊசி எண்டால் தலை சுத்தும், படுத்திருந்து போடலாமோ?" என்று கேளுங்கள். படுத்திருப்பவர் விழுவதற்கு இடமில்லையே!

ஊசி ஏறும் கையைத் தளர்வாக வைத்து, மற்றக் கையையும் கால்களையும் இறுக்குங்கள். இறுகிய தசையில் போட்டால் வலி கூடும். பார்வையைத் திருப்பி, மனதுக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் திருகோணமலை–புல்மோட்டை பஸ் பாதையில் உள்ள ஊர்களைப் பின்னிருந்து சொல்லுவேன்: புல்மோட்டை, குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி, சாம்பல்தீவு...

முடிந்ததும் உடனே எழும்பி ஓடாமல் 15 நிமிடம் இருங்கள். தலை சுற்றினால் படுத்துக் கால்களை உயர்த்துங்கள்.

பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒன்று: "குழப்படி செய்தால் ஊசி போடச் சொல்லுவன்" என்று வெருட்டாதீர்கள். "வலிக்காது" என்ற பொய்யும் வேண்டாம். ஒருமுறை பிடிபட்டால் அடுத்தமுறை உங்களை நம்பமாட்டார்கள். "கொஞ்சம் சுள்ளென்று இருக்கும், நான் மடியில வைச்சிருப்பன்" என்றால் போதும்.

போன மாதம் எனக்கு மறுபடி இரத்தம் எடுத்தார்கள். நான் சாம்பல்தீவைத் தாண்டவில்லை, "முடிஞ்சுது, எழும்பலாம்" என்றார் தாதி.