விற்பது உங்கள் நேரத்தை: தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனத்தில் சேருமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொழில்நுட்ப ஆலோசனை நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் பல ஆண்டுகளாகக் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். நிரல்மொழிகளைக் கரைத்துக் குடித்தவர்கள் தோற்றுப்போவதைப் பார்த்திருக்கிறேன். அதைவிட வருத்தமான காட்சி ஒன்று உண்டு: தேர்வாகி, ஆசையோடு சேர்ந்து, ஆறே மாதத்தில் சலித்துப்போய் ராஜினாமாக் கடிதத்தோடு வந்து நிற்பவர்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் திறமையில் குறை இல்லை. தாங்கள் சேரும் நிறுவனம் எதை விற்றுப் பிழைக்கிறது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

எதை விற்கிறார்கள் என்று தெரியாமல் சேர்வது

மென்பொருளைத் தயாரித்து விற்கும் நிறுவனம், ஒருமுறை எழுதியதை ஆயிரம் பேருக்கு விற்கலாம். ஆலோசனை நிறுவனம் விற்பது ஆட்களின் நேரத்தையும் அவர்கள்மேல் வாடிக்கையாளர் வைக்கும் நம்பிக்கையையும். நீங்கள் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரம், புறப்பட்டுவிட்ட பஸ்ஸின் காலி இருக்கையைப் போன்றது. மறுநாள் அதை விற்க முடியாது.

இந்தத் தொழில் பிறந்ததே அப்படித்தான். 1954இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில், ஜெனரல் எலக்ட்ரிக் ஆலையின் சம்பளப் பட்டியல் வேலையை யூனிவாக் கணினிக்கு மாற்றினார்கள். அதில் துணை நின்றது ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கை நிறுவனம். கணினியைச் செய்தவர்கள் வேறு யாரோ. அதை ஓர் ஆலையின் அன்றாட வேலைக்குள் கொண்டுவருவது எப்படி என்ற அறிவைத்தான் இவர்கள் விற்றார்கள்.

எல்லா ஆலோசனை நிறுவனங்களும் ஒன்றுதான் என்று நினைப்பது முதல் தவறு. சில நிறுவனங்கள் ஆய்வறிக்கையும் திட்டமும் தந்துவிட்டு விலகிக்கொள்ளும். சில, ஒரு வேலையை முழுதாகக் கட்டி முடித்து ஒப்படைக்கும். இன்னும் சில, வாடிக்கையாளரின் குழுவில் காலியாக இருக்கும் இடத்துக்கு ஆள் அனுப்பும். மூன்றிலும் உங்கள் விசிட்டிங் கார்டில் ஒரே பதவிப் பெயர்தான் இருக்கும். நாள் முழுவதும் என்ன செய்வீர்கள் என்பது மட்டும் தலைகீழாக மாறும். கட்டியெழுப்ப ஆசைப்பட்டவர் இரண்டு வருடம் விளக்கப்படங்களே தயாரித்துக்கொண்டிருந்து மனம் வெறுத்ததும் உண்டு.

ஒப்பந்த வகையையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உழைத்த நேரத்துக்கு ஏற்பக் கட்டணம் என்பது ஒரு வகை. முழு வேலைக்கும் முன்கூட்டியே ஒரே தொகை என்பது மற்றொன்று. இரண்டாவது வகையில் மதிப்பீடு தவறினால் நட்டம் நிறுவனத்தின் தலையில் விழும். அங்கிருந்து அது மெல்ல உங்கள் சனிக்கிழமைகளுக்கு இறங்கிவரும். முதல் வகையில் அந்த நெருக்கடி குறைவு. ஆனால், செலவைக் குறைக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் முடிவெடுத்தால், குறுகிய அவகாசத்தில் குழுவையே கலைத்துவிடலாம்.

எண்பது சதவீதம் என்றால் என்ன என்று கணக்குப் போடாமல் விடுவது

இந்தத் துறையில் தினமும் காதில் விழும் சொல் 'யூடிலைசேஷன்'. உங்கள் வேலை நேரத்தில் எத்தனை பங்குக்கு வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கப்பட்டது என்ற விகிதம் அது. "எங்கள் இலக்கு எண்பது சதவீதம்" என்று நேர்காணலில் சொல்வார்கள். ஐந்தில் ஒரு பங்கு நேரம், அதாவது வாரத்தில் ஒரு நாள், படிக்கவும் பழகவும் கிடைக்கும் என்று விண்ணப்பதாரர் மகிழ்ந்துபோவார்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். வாரம் 40 மணி நேரம், 52 வாரம் என்றால் 2,080 மணி நேரம். அதில் எண்பது சதவீதம் 1,664. இப்போது 2,080இலிருந்து நான்கு வார விடுப்பையும் பத்து நாள் அரசு விடுமுறையையும் கழியுங்கள்: 240 மணி நேரம் போய், 1,840 மிஞ்சும். நீங்கள் உண்மையில் வேலைக்கு வரும் நேரம் அவ்வளவுதான். 1,840இல் 1,664 என்பது தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல்! பயிற்சி, உடல்நலமில்லாத நாள்கள், நிறுவனத்தின் உள்கூட்டங்கள், ஒரு வேலை முடிந்து அடுத்ததற்குக் காத்திருக்கும் நாள்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 176 மணி நேரம், அதாவது 22 நாள்கள்.

சில நிறுவனங்கள் விடுப்பைக் கழித்த பிறகே விகிதம் பார்க்கும். அங்கே அதே எண்பது சதவீதம் எவ்வளவோ இளகிய இலக்கு. ஆகவே எண்ணைக் கேட்பதோடு நிற்காமல், எந்த மொத்தத்தில் எண்பது என்றும் கேளுங்கள். அந்த எண்ணைத் தொடாவிட்டால் உங்கள் மதிப்பீட்டில் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். வேலை கொண்டுவருவது விற்பனைப் பிரிவின் பொறுப்பு. அது நடக்காததற்கு உங்கள் ஊதிய உயர்வு குறையுமா என்பது நியாயமான கேள்வி. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

வேலை இல்லாமல் காத்திருக்கும் காலத்தைப் 'பெஞ்ச்' என்பார்கள். அதை ஓய்வுக் காலம் என்று நினைப்பவர்களும் உண்டு. தண்டனை என்று நினைத்து ஒடுங்கிப்போகிறவர்களும் உண்டு. இரண்டுமே வேண்டாம். விற்பனைக் குழுவின் முன்மொழிவில் ஒரு பகுதியை எழுதித் தருவது, அடுத்து வரப்போகும் வேலைக்கான துறையறிவைப் படிப்பது, மற்றொரு குழுவின் நிரலைச் சரிபார்த்துக் கொடுப்பது என்று அந்த நாள்களில் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரிய வேண்டும். அடுத்த வேலைக்கு ஆள் பொறுக்கும்போது மேலாளரின் நினைவில் முதலில் வருவது தெரிந்த முகம்தான். பெஞ்சில் முழுச் சம்பளம் உண்டா, எத்தனை வாரம் வரை பொறுப்பார்கள் என்பதைச் சேருமுன்பே கேட்டுவிடுங்கள்.

நேர்காணலில் தொழில்நுட்பத்தை மட்டும் காட்டுவது

நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று. "புதன்கிழமை வாடிக்கையாளர் வந்து, வெள்ளிக்கிழமைக்குள் ஒரு புதிய வசதி வேண்டும் என்கிறார். உங்கள் கணக்குப்படி மூன்று வாரம் ஆகும். என்ன சொல்வீர்கள்?"

பாதிப் பேர் சொல்லும் பதில்: "இரவு பகலாக உழைத்து முடித்துக் கொடுப்பேன்." மீதிப் பேரில் பலர், "முடியாது என்று சொல்லிவிடுவேன்" என்பார்கள். முதல் பதில் வெள்ளிக்கிழமை உடையப்போகும் வாக்குறுதி. இரண்டாவது பதிலுக்கு வாடிக்கையாளர் கட்டணம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஒருமுறை ஓர் இளம்பெண் வந்திருந்தார். மெதுவாகப் பேசுகிறவர். கேள்வியைக் கேட்டதும் சற்று யோசித்துவிட்டு, "வெள்ளிக்கிழமை என்ன நடக்கிறது, சார்?" என்றார். நான் அந்த இடத்திலேயே ஒரு பதிலைக் கட்டினேன்: "அன்று அவர்களுடைய இயக்குநர் குழுக் கூட்டம்." "அங்கே யாராவது அதைப் பயன்படுத்திப் பார்ப்பார்களா, திரையில் காட்டினால் போதுமா?" "காட்டினால் போதும்." "அப்படியானால் மாதிரித் தரவோடு ஒரு திரையை வெள்ளிக்கிழமை தந்துவிடலாம். முழு வேலைக்கு மூன்று வாரம் என்பதை இன்றே எழுத்தில் கொடுத்துவிடுவேன். மாதிரி என்பது திரையிலேயே தெரியும்படி எழுதிவிடுவேன். இல்லாவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் என் மனம் முடிவு செய்துவிட்டது.

இந்தக் கேள்விக்கு ஒரு வாலும் உண்டு. "கூடுதலாக ஐந்து பேர் தருகிறேன், அப்போது முடியுமா?" ஏற்கெனவே தாமதமான வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று கணினி அறிஞர் பிரெட் புரூக்ஸ் 1975இல் எழுதினார். காரணம் எளிது. ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள 10 வழிகள். பத்துப் பேரானால் 45. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர்கள்தான் உட்கார வேண்டும். இதை வாடிக்கையாளர் முகம் சுளிக்காதபடி விளக்கத் தெரிந்தவரைத்தான் எந்த நிறுவனமும் தேடுகிறது.

இன்னொன்று. "நாங்கள் செய்தோம், நாங்கள் மாற்றினோம்" என்றே பேசிக்கொண்டிருப்பவரிடம், அதில் நீங்கள் செய்தது எது என்று கட்டாயம் கேட்பார்கள். பதிலை வீட்டிலேயே யோசித்துவைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வாடிக்கையாளரின் ரகசியத்தைக் கொட்டுவது

இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. மிகத் திறமையான ஒருவர் வந்தார். முந்தைய வேலையைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாக எழுந்து வெண்பலகையில் வரையத் தொடங்கினார். வாடிக்கையாளரின் பெயரை மேலே எழுதினார். கீழே சர்வர்களின் பெயர்கள், அவற்றுக்கு இடையே அம்புக்குறிகள். ஒரு மூலையில் சிவப்பு மையில் வட்டமிட்டு, "இந்த இடத்தில் பாதுகாப்பு பலவீனம், இன்னும் சரிசெய்யவில்லை" என்றார். அறையில் இருந்த மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். படம் நேர்த்தியாக இருந்தது. அவரை எடுக்கவில்லை. இங்கே இதைச் சொல்கிறவர், நாளை எங்கள் வாடிக்கையாளரைப் பற்றி வேறோர் அறையில் வரைவார்.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைக்கும் வேலை அது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் வேலையை விட்ட பிறகும் பெரும்பாலும் தொடரும். தன்விவரக் குறிப்பில் "ஒரு பெரிய வங்கியின் கடன் பிரிவு" என்று எழுதினால் போதும். எத்தனை பயனர்கள், என்ன சிக்கல், நீங்கள் எடுத்த முடிவு, அதன் விளைவு: பெயர் இல்லாமலே இவை அத்தனையையும் சொல்ல முடியும். நேர்காணலில் பெயரைக் கேட்டால், "மன்னிக்க வேண்டும், அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை" என்று சொல்லுங்கள். அந்தப் பதிலுக்காகவே உங்களை மதிப்பார்கள்.

தன்விவரக் குறிப்பில் அனுபவ ஆண்டுகளைக் கூட்டுவது இதனினும் கெட்டது. இந்தத் துறையில் உங்கள் குறிப்பு நிறுவனத்தோடு நின்றுவிடாது. வாடிக்கையாளரிடமும் போகும், அவரும் உங்களை நேர்காணல் செய்வார். சில இடங்களில் நிறுவனமே "இரண்டு வருடம் கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்வதுண்டு. மறுத்துவிடுங்கள். இரண்டாம் நாளே கேள்வி வரும்போது அந்த அறையில் தனியாக உட்கார்ந்திருக்கப்போவது நீங்கள்தான்.

வாடிக்கையாளரின் ஆட்களை மறந்துவிடுவது

வாடிக்கையாளர் அலுவலகத்தில் நீங்கள் விருந்தாளி, வேலைக்காரரும்கூட. நுழைவு அட்டை வர மூன்று நாளாகும். அதுவரை வரவேற்பறையில் காத்திருக்க நேரும். அங்கே உங்களுக்கு வேலை சொல்பவர் ஒருவர். ஆண்டு இறுதியில் உங்களை மதிப்பிடுபவர் வேறொருவர். அவர் உங்கள் வேலையை நேரில் பார்த்திருக்கவே மாட்டார். வாரம் ஒருமுறையாவது என்ன செய்தீர்கள் என்று இரண்டு வரி எழுதி அவருக்கு அனுப்பும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியம், அங்கே ஏற்கெனவே இருப்பவர்கள். நான் துறைக்கு வந்த புதிதில் ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கைக் கணினிக்கு மாற்றப் போனோம். அங்கே நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நீளமான நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். சில வரிகளுக்கு அருகே பென்சிலால் சிறு புள்ளிகள். நாங்கள் அதிகாரிகளைப் பேட்டி கண்டோம், படிவங்களை நகலெடுத்தோம். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புது அமைப்பு ஓடத் தொடங்கிய முதல் வாரமே இருப்பு ஒத்துவரவில்லை. கடைசியில் அவரிடம்தான் போய் நின்றோம். "நான் புள்ளி வைத்திருக்கும் வரிகளில் உள்ள சரக்குக்காரர்கள் எப்போதும் நூற்றுக்கு இரண்டு மூன்று குறைவாக அனுப்புவார்கள். நான் எண்ணிப் பார்த்துத்தான் பதிவேன்" என்றார். நாங்கள் வந்ததால் தம் வேலை போய்விடுமோ என்று அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. கையில் மடிக்கணினியோடு உள்ளே வரும் புதியவரைப் பார்த்துப் பயப்படும் ஒருவர் ஏறக்குறைய எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார். முதலில் அவரிடம் போய்ப் பேசுங்கள்.

ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவது

சம்பள எண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திடாதீர்கள். நோட்டீஸ் காலம் எவ்வளவு, இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கேட்பார்களா, வாடிக்கையாளரிடமே பிற்பாடு வேலைக்குச் சேரத் தடை உண்டா, நீங்கள் சொந்த நேரத்தில் எழுதும் நிரல் யாருக்குச் சொந்தம், பயணச் செலவை முன்பணமாகத் தருவார்களா என்பதையெல்லாம் வரி வரியாகப் பாருங்கள். இவற்றில் எது சட்டப்படி செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். சந்தேகம் இருந்தால் சட்டம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

நேர்காணல் முடிவில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். "ஒன்றுமில்லை" என்று எழுந்துவிடாதீர்கள். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒருவர் கேட்டது இது: "கடைசியாக எந்த வேலையை வேண்டாம் என்று மறுத்தீர்கள், ஏன்?" பதில் சொல்ல நான் இரண்டு நிமிடம் யோசிக்க வேண்டியிருந்தது. நீங்களும் அதைக் கேளுங்கள். தங்களால் காலத்தில் முடிக்க முடியாது என்று தெரிந்து ஒரு வேலையை விட்டுக்கொடுத்ததாகக் காரணத்தோடு சொன்னால், அங்கே சேரலாம். எதையும் மறுத்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னால், அவர்கள் ஒப்புக்கொண்ட அத்தனையையும் யார் உட்கார்ந்து முடித்தார்கள் என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.