ஸ்கெட்ச்அப்பில் பாலிகார்பனேட் ஷீட் கூரை வரைவது எப்படி

வீட்டு வடிவமைப்பு மென்பொருள்கள் பலவற்றில் 'கூரை' பொத்தானை அழுத்தினால் மரச்சட்டம், பலகை, ஓடு எல்லாம் சேர்ந்த கனமான கூரைதான் வந்து நிற்கும். பின்வாசலுக்கு வெளியே பைப் ஃபிரேம் போட்டு ஷீட் அடிக்கிற கூரைக்கு அது ஒத்துவராது. அதன் தடிமனைக் குறைத்துக்கொண்டு போராடுவதைவிட, ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளில் ஒவ்வொரு பைப்பாக வரைவது சுலபம்.

இங்கே எடுத்துக்கொள்வது சுவர் நெடுக 12 அடி, வெளியே 10 அடி, 10 மி.மீ. பாலிகார்பனேட் ஷீட், 5 டிகிரி சாய்வு. ஷீட்டுக்கு உள்ளே நெடுக ஓடும் வெற்றுக் குழல்கள் தண்ணீர் ஓடும் திசையில் இருக்க வேண்டும். பைப் அளவுகள் வரைவதற்காகச் சொல்பவை. காற்றைத் தாங்குமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 875 மூன்றாம் பகுதி சென்னைக்குத் தரும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். பக்கம் திறந்த கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும். இது எதுவும் ஸ்கெட்ச்அப்புக்குத் தெரியாது.

முதலில் மாடல் இன்ஃபோவில் அலகை மில்லிமீட்டராக்கி, துல்லியத்தை 0.1க்கு வையுங்கள். அதே பக்கத்தில் உள்ள 'லெங்த் ஸ்னாப்பிங்'கை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் சுட்டியால் இழுக்கும் அளவுகள் தானாக அங்கே குறித்த அளவின் மடங்குக்குத் தாவும். பிறகு 4 மி.மீ. எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும். சுவரைச் சிவப்பு அச்சு நெடுக வரைந்து, கதவு, 7 அடி லிண்டல், சன்ஷேட், வெளிப்பக்கம் திறக்கும் ஜன்னல் எல்லாவற்றையும் போட்டு, குரூப் ஆக்கிப் பூட்டுங்கள். ஜன்னல் கதவு திறந்த நிலையிலும் இருக்கட்டும். கூரைப் பைப் அதில் இடிக்கிறதா என்பது வெல்டர் வந்த பிறகு தெரிந்து பயனில்லை.

சாய்வாக எதையும் வரையாதீர்கள். எல்லாவற்றையும் மட்டமாக வரைந்து, கடைசியில் ஒரே தடவை சாய்க்க வேண்டும்.

ஒரு முனை சுவரைத் தொட்டு, சுவருக்குச் செங்குத்தாக வெளியே நீளும்படியும், அடிப்பக்கம் 2700 உயரத்தில் இருக்கும்படியும் 50×50 பைப் ஒன்றை 2995 நீளத்துக்கு வரைந்து காம்பொனன்ட் (ஒன்றை மாற்றினால் எல்லா நகலும் மாறும் தொகுதி) ஆக்குங்கள். ஏன் 3000 இல்லை? பைப் 6 மீட்டர் நீளத்தில் வந்தால், 2995 என்றால் ஒரு பைப்பில் இரண்டு துண்டு, வெட்டுச் சேதாரமும் அடங்கும். வெளிநீட்டம் சரியாக 3 மீட்டர் வேண்டுமென்று சாய்வையும் கணக்கிட்டு 3012 வைத்தால் ஒரு பைப்பில் ஒரு துண்டுதான் தேறும். 4 பைப்பில் முடியவேண்டிய வேலைக்கு 7 பைப் வாங்க நேரும்.

மூவ் கருவியில் கண்ட்ரோலைத் தட்டி, சிவப்பு அச்சில் 3600 தள்ளி நகலெடுங்கள். உடனே /6 என்று தட்டி என்டர் கொடுத்தால் மொத்தம் 7 பைப், நடுவுக்கு நடு 600. வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 3650 வரும், அது சரிதான். மொத்த அகலத்தையே 3600 ஆக்கப் பார்த்தால் இடைவெளி 591.7 ஆகி, ஷீட் இணைப்பு பைப்பின் நடுவில் விழாது.

ஷீட் விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 4 அடி ஷீட் 1220 அகலம். இரு ஓரத்திலும் முழு ஷீட், நடுவில் 1190க்கு வெட்டிய ஷீட், இணைப்புகளில் 10 மி.மீ. இடைவெளி: கூட்டினால் சரியாக 3650. இந்த இடைவெளி வீண் இல்லை. பாலிகார்பனேட் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூட்டுக்கு 0.065 மி.மீ. விரியும். 3 மீட்டர் ஷீட் 40 டிகிரி வித்தியாசத்தில் ஏறக்குறைய 8 மி.மீ. நீளும். எனவே சுவர்ப் பக்கமும் 10 விடுங்கள். 3048 நீள ஷீட் முன்னால் பைப்பைத் தாண்டி 63 நீட்டிக்கொண்டு நிற்கும். தண்ணீர் சொட்ட அது போதும். எச் வடிவ இணைப்புப் பட்டையை இரண்டு இடைவெளியிலும் வையுங்கள். ஷீட்டுக்குள் இருக்கும் குழல்களை வரைய வேண்டாம். கோப்பு கனக்குமே தவிர, பார்ப்பதற்கு ஒன்றும் கூடாது.

10 மி.மீ. ஷீட்டை உண்மைத் தடிமனிலேயே வரையலாம். 0.5 மி.மீ. கலர் கோட்டட் ஷீட் என்றால் ஒற்றை முகமாக விடுங்கள். இரண்டு முகங்கள் அவ்வளவு நெருங்கி இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கும்போது ஒன்றுக்குள் ஒன்று மினுமினுக்கும்.

இப்போது பைப், ஷீட், பட்டை எல்லாவற்றையும் ஒரே குரூப் ஆக்கி, ரொட்டேட் எடுத்து, வலது அம்பு விசையால் சிவப்பு அச்சில் பூட்டுங்கள். சுவரைத் தொடும் பைப்பின் கீழ்மூலையில் முதல் சொடுக்கு, பைப் நெடுக இரண்டாவது சொடுக்கு, சுட்டியைக் கீழே இறக்கி 5 என்டர். கீழ்மூலையில்தான் சுழற்ற வேண்டும். மேல்மூலையில் சுழற்றினால் கீழ்மூலை சுவருக்குள் 4.4 மி.மீ. புகுந்துவிடும்.

முன்முனை 261 இறங்கி, அடிப்பக்கம் 2439இல் நிற்கும். சாய்வுப் பைப்புகளை முன்னால் தாங்கும் 100×50 முன்பீமின் மேல்முகம் அதே 2439. பீமின் வெளிமுகத்தைச் சாய்வுப் பைப்பின் கீழ்மூலையோடு, அதாவது சுவரிலிருந்து 2983.6இல், ஒட்டவையுங்கள். உட்பக்க விளிம்பில் 4.4 மி.மீ. ஆப்பு வடிவ இடைவெளி தெரியும். அதை மூடப் பீமை உயர்த்தாதீர்கள். உயர்த்தினால் வெளிவிளிம்பு சாய்வுப் பைப்பைக் குத்தும். அங்கே வெல்டு நிரப்பிவிடும். சாய்வுப் பைப்புகளைச் சுவரோரம் தாங்கும் சுவர்ப் பைப்பும் 50 அகலம் என்றால் இதே கதைதான்: மேல்முகம் 2700இல் இல்லை, 2695.6இல். தூண்கள் 2339 உயரம். அவற்றைச் சாய்வு குரூப்புக்கு வெளியே நேராக வரையுங்கள்.

நிழல் பார்க்கும்போது இரண்டு பொறிகள். ஸ்கெட்ச்அப் நாம் சொல்லாதவரை வீட்டை அமெரிக்காவின் போல்டர் நகரத்தில் வைத்திருக்கும். இடத்தை மாற்றாமல் நிழல் பார்ப்பது வீண். சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். வடக்குப் பார்த்த பின்வாசலுக்கு அது முக்கியம். இன்னொன்று ஷீட்டின் ஒளி ஊடுருவல். ஒப்பாசிட்டி (ஒளிபுகாமை) 70 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்த முகம் நிழலே போடாது. ஷீட்டை 45இல் வைத்துவிட்டு, கூரைக்கடியில் முழு வெயில் அடிக்கிறதே என்று குழம்புகிறவர்கள் உண்டு. நிழல் சோதிக்க மட்டும் 75 ஆக்கிவிட்டு, படம் எடுக்கும்போது குறைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டருக்குத் தரும் படத்தில் ஷீட்டின் யு.வி. (புற ஊதாக் கதிர் தடுப்பு) பூச்சுள்ள பக்கம் மேலே என்று எழுதிவிடுங்கள். திருப்பிப் போட்டால் சில வருடங்களில் மஞ்சளித்து நொறுங்கத் தொடங்கும். பூச்சு எந்தப் பக்கம் என்பது ஷீட்டின் பாதுகாப்புத் தாளில் அச்சிட்டிருக்கும். திருகுத் துளை திருகைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், இல்லாவிட்டால் விரிவுக்கு விட்ட 10 மி.மீ. இடைவெளிகளுக்குப் பயனில்லை.