மீன் குழம்பு நாளில் தட்டை இப்படி நிரப்புங்கள்

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் காலையில் மத்தி வாங்கினால் வறுக்காமல் குழம்பாக வையுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது. வறுவலில் அது சத்தமில்லாமல் ஏறிவிடும். வஞ்சிரத்தில்தான் சத்து என்று நினைக்க வேண்டாம். மத்தியில் புரதமும் ஒமேகா-3 கொழுப்பும் தாராளம்.

அப்புறம், தட்டில் முதலில் சோற்றைப் போடாதீர்கள். பாதித் தட்டுக்குக் கீரைப் பொரியலோ புடலங்காய்க் கூட்டோ, கால் பங்குக்கு மீன், மீதி இடத்தில் மட்டும் சோறு. எங்கள் வீட்டில் குழம்பு ருசித்துவிட்டால் மூன்றாவது கரண்டி சோறு தானாக விழும். சோற்றுப் பானையை அடுப்படியிலேயே விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் அது நின்றது.

கருவாடு சேரும் நாளில் குழம்பில் உப்பைக் குறையுங்கள். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள்தான் இருக்க வேண்டும்.