அமெரிக்க எல்லைப்புற மூதாதையைத் தேடுவது எப்படி? நிலத்திலிருந்து தொடங்குங்கள்

நெப்ராஸ்கா, கான்சஸ் சமவெளிகளில் 19-ஆம் நூற்றாண்டில் குடியேறிய ஓர் அமெரிக்க விவசாயியின் வேர்களைத் தேட உட்காருபவர்கள் முதலில் கேட்பது பிறப்புச் சான்றிதழைத்தான். பெரும்பாலும் அது கிடைக்காது. நெப்ராஸ்காவில் மாநில அளவில் பிறப்பு, இறப்புப் பதிவு தொடங்கியதே 1904-இல், கான்சஸில் 1911-இல். அதற்காக மனம் தளர வேண்டாம். அவர் நிலம் கேட்டு அரசாங்கத்துக்கு மனுப் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கோப்பைக் கையில் வாங்குவதுதான் நம் இலக்கு.

முதல் படி: சென்சஸ்

தெரிந்த தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். குடும்ப வரலாறு தேட உதவும் ஃபேமிலிசர்ச் (FamilySearch) இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, 1900 சென்சஸைத் திறங்கள். பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டுகள், தாய் பெற்ற பிள்ளைகள் எத்தனை, அவர்களில் உயிரோடிருப்பவர் எத்தனை என்பதெல்லாம் அதில் உண்டு. அடுத்து 1880; அதில் பெற்றோர் பிறந்த இடம் இருக்கும். நடுவிலுள்ள 1890 ஏடுகளைத் தேடி அலையாதீர்கள். 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் சேதமாகி, பிறகு ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோயின. அந்த இடைவெளிக்கு இவ்விரு மாநிலங்களிலும் 1885-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு கைகொடுக்கும். கான்சஸ் ஏட்டில் ‘எங்கிருந்து கான்சஸுக்கு வந்தார்’ என்றே ஒரு பத்தி உண்டு. முந்தைய ஊரைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.

அடிமைகளாக இல்லாத சுதந்திர மக்கள் எல்லோருடைய பெயரும் சென்சஸில் 1850 முதல்தான் பதிவானது. அடிமைப்படுத்தப்பட்டிருந்தவர்களின் வாரிசுகளுக்கு 1870 சென்சஸே பெரும்பாலும் முதல் வாசல்.

இரண்டாம் படி: பட்டா

அமெரிக்க நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் மாநிலத்தையும் பெயரையும் கொடுத்தால் மத்திய அரசு வழங்கிய பட்டாவின் படமே இலவசமாகக் கிடைக்கும். பெயரை நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். நம் ஊர் சர்வே எண்ணைப் போல அங்கே டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என மூன்று விவரங்கள் இருக்கும். எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மனுக் கோப்பு

பலர் பட்டாவோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. 1862-ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை பெற, ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததாகச் சாட்சிகளோடு நிரூபிக்க வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே மனுச் செய்தவர் டேனியல் ஃப்ரீமன். நெப்ராஸ்காவில் பியட்ரிஸ் ஊருக்கு அருகே இருந்த அவர் நிலத்துக்கான 1868-ஆம் ஆண்டின் சாட்சியம் சொல்வதைப் பாருங்கள்: பாதி மரக்கட்டைகளாலும் பாதி பலகையாலும் கட்டிய 14-க்கு 20 அடி வீடு, இரண்டு கதவுகள், இரண்டு ஜன்னல்கள், உழுது வேலியிட்ட நிலம் சுமார் 35 ஏக்கர், 100 அடி நீள ஆட்டுக்கொட்டகை, 40 ஆப்பிள் மரங்கள், சுமார் 400 பீச் மரங்கள். எந்தப் பிறப்புச் சான்றிதழ் இதைச் சொல்லும்?

வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் குடியுரிமைத் தாள்களும் பெரும்பாலும் கோப்பிலேயே இருக்கும். மணமாகாத பெண்களும் விதவைகளும்கூட மனுச் செய்தார்கள். ஆகவே பாட்டிகளின் பெயரிலும் தேடுங்கள். பட்டாவிலுள்ள நில விவரத்தையும் சான்றிதழ் எண்ணையும் கொடுத்து வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் கட்டணம் செலுத்தினால் நகல் கிடைக்கும். பாதியில் கைவிட்டவர்களுக்குப் பட்டா இருக்காது, ஆனால் கோப்பு இருக்கலாம்.

அந்த நிலம் அதற்கு முன் யாருடையது என்பதையும் எழுதிவையுங்கள். பியட்ரிஸ் பகுதி ஓட்டோ-மிசூரியா என்ற பூர்வகுடி மக்களின் பூமி. அதில் பெரும்பகுதியை 1854 ஒப்பந்தத்தில் இழந்தார்கள். மிஞ்சிய இடத்திலிருந்தும் 1880-களில் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இதை விட்டுவிட்டுக் குடும்ப வரலாறு எழுதுவது நேர்மையாகாது.

கோப்பு வந்ததும் சாட்சிக் கையெழுத்துகளைப் பாருங்கள். அக்கம்பக்கத்தார் பலர் ஒரே ஊரிலிருந்து சேர்ந்து வந்தவர்கள்; சிலர் மைத்துனர்கள், மாமனார்கள். உங்கள் ஆளின் பூர்வீகம் பிடிபடாவிட்டால் அந்தச் சாட்சிகளை 1860, 1870 சென்சஸில் தேடுங்கள். அவர்களுடைய கோப்புகளையும் வரவழையுங்கள்.