ஒரே கணக்கில் வினை, வாயு, அமிலத்தன்மை

5 கிராம் கால்சியம் கார்பனேட்டை 0.6 மோலார் (லிட்டருக்கு 0.6 மோல்) செறிவுள்ள 200 மில்லிலிட்டர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால், 27 டிகிரி செல்சியஸில், 1 வளிமண்டல அழுத்தத்தில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், மீந்த கரைசலின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்) என்ன என்று கேட்கப்படுவதாகக் கொள்வோம்.

முதலில் சமன்பாட்டைச் சமன்செய்து, எல்லா அளவுகளையும் துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகான மோலுக்கு மாற்ற வேண்டும். கார்பனேட்டின் மோலார் நிறை 100 என்பதால் அது 0.05 மோல், அமிலம் 0.6 × 0.2, அதாவது 0.12 மோல். ஒரு மோல் கார்பனேட்டுக்கு இரண்டு மோல் அமிலம் தேவை என்பதால் 0.10 மோல் அமிலம் செலவாகி, கார்பனேட் முழுவதும் தீர்ந்துவிடும். கிராம்களை நேரடியாக ஒப்பிட்டு எது முதலில் தீரும் என்று முடிவுசெய்வதே இங்கு அடிக்கடி நேரும் தவறு.

ஒரு மோல் கார்பனேட்டிலிருந்து ஒரு மோல் வாயு வருவதால், வெளிவரும் வாயுவும் 0.05 மோலே. பலரும் பழக்கத்தால் 22.4 லிட்டரால் பெருக்கி 1.12 என எழுதிவிடுகிறார்கள். அந்த எண் 0 டிகிரிக்கு உரியது. வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்றி, வாயு மாறிலி 0.0821-ஐக் கொண்டு 0.05 × 0.0821 × 300 எனக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1.23 லிட்டர் கிடைக்கும்.

மீந்த அமிலம் 0.02 மோல். கரைசலின் கன அளவு மாறவில்லை எனக் கொண்டு, கரைந்திருக்கும் வாயுவின் சிறு பங்கைப் புறக்கணித்தால், செறிவு 0.1 மோலார், வலிமைமிகு அமிலம் முழுமையாக அயனியுறுவதால் பிஎச் 1 ஆகும். தொடக்கத்தில் அது சுமார் 0.22, அமிலத்தின் ஆறில் ஐந்து பங்கு தீர்ந்தும் பிஎச் ஒன்றுகூட உயரவில்லை, ஏனெனில் அது மடக்கை அளவு.