கரையோர விதிகளைத் திருத்த நிதியும் காலமும் திட்டமிடுவது எப்படி: வாஷிங்டன் மாநில நகரங்களுக்கு

வாஷிங்டன் மாநிலத்தில் கடற்கரையோ, பெரிய ஏரியோ, ஆறோ எல்லைக்குள் இருக்கும் நகரமும் கவுண்டியும் (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி) தனக்கென்று ஒரு கரையோர விதித்தொகுப்பு வைத்திருக்க வேண்டும். அலுவலகங்களில் எஸ்.எம்.பி. (ஷோர்லைன் மாஸ்டர் புரோகிராம்) என்பார்கள். 1971இல் சட்டமன்றம் இயற்றி, 1972இல் மக்கள் வாக்களித்து உறுதிசெய்த கரையோர மேலாண்மைச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 260க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இந்தத் தொகுப்பை நடைமுறைப்படுத்துகின்றன. எழுதுவது உள்ளாட்சி. மாநிலச் சூழலியல் துறை ஒப்புதல் கொடுத்த பிறகுதான் அது செல்லும். தமிழ்நாட்டில், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை ஒன்றிய அரசு வெளியிடுவதையும், அதன்படி மாநில அரசு வரைபடம் தயாரிப்பதையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கும். இங்கே ஒரு சின்ன நகரத்தின் திட்ட அலுவலர்தான் தன் ஏரிக்கரையில் எவ்வளவு தள்ளி வீடு கட்டலாம் என்ற விதியை எழுதுகிறார். அந்த அதிகாரத்தோடு செலவும் அவர் அலுவலகத்தின் தலையில் விழுகிறது.

இந்த விதிகளைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் மறுஆய்வு செய்தாக வேண்டும். முன்பு 8 ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று இருந்தது. 2022இல் சட்டத்தைத் திருத்தி 10 ஆண்டு ஆக்கினார்கள். கிங், பியர்ஸ், ஸ்னோஹோமிஷ் கவுண்டிகளும் அவற்றுக்குள் அடங்கும் நகரங்களும் முந்தைய சுற்றை 2019 ஜூன் 30க்குள் முடிக்க வேண்டியிருந்தது; அடுத்த கெடு 2029 ஜூன் 30. மற்ற கவுண்டிகள் குழு குழுவாக அடுத்தடுத்த ஆண்டுகளில் வருகின்றன.

பெரும்பாலான நகரங்கள் பட்ஜெட்டில் ஒரு தொகையை முதலில் எழுதிவிட்டு, எதைத் திருத்தப்போகிறோம் என்பதைப் பிறகு யோசிக்கின்றன. பணம் வீணாகும் இடம் அதுதான். வேலையின் அளவைப் பொறுத்துச் செலவு பல மடங்கு மாறும். சட்ட மாற்றங்களை மட்டும் உள்ளே கொண்டுவருவது ஒரு வேலை. கரையிலிருந்து விடவேண்டிய இடைவெளியையோ நில வகைப்பாட்டையோ மாற்றுவது முற்றிலும் வேறு வேலை. எந்த வகை என்று தெரியாமல் கேட்கிற தொகை, ஒன்று போதாமல் போகும் அல்லது செலவழியாமல் திரும்பிப் போகும்.

முதல் வேலை: விடுபட்டவற்றின் பட்டியல்

சூழலியல் துறை மறுஆய்வுக்கென்றே ஒரு சரிபார்ப்புப் பட்டியல் தருகிறது. 2007 முதல் சட்டத்திலும் விதிகளிலும் வந்த மாற்றங்கள் அதில் ஆண்டுவாரியாக இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே உங்கள் தொகுப்பின் எந்தப் பிரிவு பொருந்துகிறது, மாற்றம் தேவையா, இல்லையென்றால் ஏன் என்று எழுத வேண்டும். கன்சல்டன்ட் வரும்வரை காத்திருக்க வேண்டாம். கரையோர அனுமதிகளைக் கையாளும் உள்ளூர் ஊழியர் ஒருவர் சில வாரங்களில் முடித்துவிடலாம். வெளியாளைவிட அவருக்குத்தான் எந்த விதி நடைமுறையில் இடறுகிறது என்று தெரியும். வாடிக்கையாக மாட்டும் இடங்கள் சில உண்டு.

ஒன்று, டாலர் வரம்பு. குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ள கட்டுமானத்துக்குப் பெரிய அனுமதி தேவையில்லை. அந்த மதிப்பு 2017இல் 7,047 டாலர்; 2022இல் 8,504 டாலர். பணவீக்கத்துக்கு ஏற்ப ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநிலம் மாற்றும். தொகுப்பில் எண்ணை அப்படியே எழுதிவைத்த நகரம், மாநிலம் எண்ணை மாற்றும்போதெல்லாம் பழைய விதியோடு நிற்கும். எண்ணை எழுதாமல், மாநிலம் அவ்வப்போது நிர்ணயிக்கும் தொகை என்று எழுதிவிட்டால் போதும்.

இரண்டாவது, இதைவிடச் சிக்கலானது. ஈரநிலம், ஓடை, சரிவு போன்றவற்றைக் காக்கும் நகரத்தின் இன்னொரு ஆணையை எஸ்.எம்.பி.க்குள் சேர்த்துக்கொள்வது வழக்கம். “அவ்வப்போது திருத்தப்படும் அந்த ஆணையின்படி” என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது செல்லாது. கரையோர விதியாக நடைமுறைக்கு வரும் ஒவ்வொரு வரிக்கும் மாநில ஒப்புதல் வேண்டும். கவுன்சில் நாளை திருத்தப்போகும் வரிக்கு மாநிலம் இன்றே ஒப்புதல் கொடுக்க முடியாது. எனவே ஆணை எண்ணும் நிறைவேறிய தேதியும் குறிப்பிட்டு, அந்த ஒரு பதிப்பை மட்டுமே சேர்க்க வேண்டும். அந்த ஆணையையும் இதே காலத்தில் திருத்தப்போகிறீர்கள் என்றால் அதை முதலில் முடியுங்கள். வரிசை மாறினால் எஸ்.எம்.பி.யை இரண்டு முறை திறக்க வேண்டியிருக்கும். இரண்டாவது முறைக்கு மாநிலத்தின் கிராண்ட் (மானியம்) இருக்காது.

மற்றவற்றைச் சட்டென்று பார்த்துவிடலாம். கட்டடத்தை இடித்து அகற்றுவது மட்டும் ‘கட்டுமானம்’ ஆகாது என்று விதி 2017இல் தெளிவாக்கப்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பழைய கட்டடத்தைச் சீரமைப்பதற்கு விலக்கு 2016இல் வந்தது. நன்னீர்ப் படகுத்துறைகளுக்கான டாலர் வரம்பு தனிக் கணக்கு. கரையோர விதி செல்லும் எல்லையையும் ஒருமுறை சரிபாருங்கள்: கடல்நீர், ஆண்டுச் சராசரி ஓட்டம் வினாடிக்கு 20 கன அடிக்கு மேல் உள்ள ஆறு, ஓடை, 20 ஏக்கரோ அதற்கு மேலோ உள்ள ஏரி, இவற்றின் இயல்பான உயர்நீர் அடையாளத்திலிருந்து 200 அடி, அதாவது சுமார் 61 மீட்டர் நிலம், அவற்றோடு சேர்ந்த ஈரநிலங்கள். வெள்ளப்பாதையும் இதில் அடங்குவதால், அமெரிக்க ஒன்றிய அரசின் வெள்ள வரைபடம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் உங்கள் எல்லையும் நகர்ந்திருக்கும். உயர்நீர் அடையாளம் என்பது களத்தில் செடிகொடிகளையும் மண்ணையும் பார்த்துத் தீர்மானிப்பது. வரைபடக் கோடு வழிகாட்டி மட்டுமே என்று தொகுப்பிலேயே எழுதிவைக்காவிட்டால், ஒவ்வொரு அனுமதியிலும் கோட்டைப் பிடித்துக்கொண்டு சண்டை வரும்.

பட்டியலை முடித்தபோது எந்த மாற்றமும் தேவையில்லை என்று தெரிந்தால் அதையே முறைப்படி தீர்மானமாக நிறைவேற்றி அனுப்பலாம். பொது அறிவிப்பும் விசாரணையும் அதற்கும் உண்டு.

பணம் எங்கிருந்து

முதன்மையான வழி சூழலியல் துறையின் மறுஆய்வு கிராண்ட். மாநிலத்தின் நிதிக்காலம் இரண்டு ஆண்டு; ஒற்றைப்படை ஆண்டின் ஜூலை 1இல் தொடங்கி, அடுத்த ஒற்றைப்படை ஆண்டின் ஜூன் 30இல் முடியும். 2029 கெடு உள்ள நகரத்துக்கு 2027 ஜூலை 1 முதல் ஓடும் காலம்தான் கணக்கு. கிராண்ட் முன்பணமாகக் கைக்கு வராது. முதலில் நகரம் செலவழித்து, பிறகு முன்னேற்ற அறிக்கையோடு பில் அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். ஆகவே கிராண்ட் கிடைத்தாலும் சில மாதச் செலவைத் தாங்கும் தொகை நகரத்தின் பொது நிதியில் ஒதுக்கியிருக்க வேண்டும். ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்னால் செய்த செலவு திரும்பாது. ஜூன் 30க்குப் பின் செய்ததும் அப்படியே.

ஊழியர் நேரத்தை கிராண்டில் எழுதுவதென்றால் வேலைவாரியாக நேரப்பதிவு வேண்டும். ‘எஸ்.எம்.பி. வேலை, 8 மணி’ என்று மொத்தமாக எழுதிய தாளைத் திருப்பி அனுப்புவார்கள். ஒப்பந்தத்தில் இருக்கும் பணி எண்களையே நேரத்தாளிலும் முதல் நாளிலிருந்து வைத்துவிடுங்கள்.

கிராண்டை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 2023இல் நிறைவேறிய சட்டம் நகரங்களின் முழுமைத் திட்டத்தில் காலநிலைப் பகுதியைச் சேர்த்தது. கடல்மட்ட உயர்வையும் புயல் தீவிரத்தையும் எஸ்.எம்.பி.க்கள் கையாள வேண்டும் என்று வழிகாட்டு விதிகளைத் திருத்தும்படி சூழலியல் துறையைப் பணித்தது. காலநிலைத் திட்டமிடலுக்கு மாநில வணிகத் துறை வழியே நிதி வருகிறது. கடல் ஏறும் பகுதிகளைக் காட்டும் வரைபடம் இரண்டு வேலைகளுக்கும் பொது. ஒரே வரைபடத்துக்கு இரண்டு கன்சல்டன்ட்களுக்குப் பணம் கொடுக்காமல், எந்த நிதியில் செய்வது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே செலவை இரண்டு கிராண்டிலும் எழுதினால் தணிக்கையில் பிடிபடும். வரைபடத்துக்கான எண்ணையும் உள்ளூருக்கு உரியதாக எடுக்க வேண்டும். ஒலிம்பிக் தீபகற்பத்தின் வடமேற்கு முனையில், நியா பே பக்கம், நிலமே மெல்ல உயர்கிறது. சியாட்டில் பக்கம் அப்படியில்லை. மாநிலம் முழுமைக்கும் ஒரே உயரத்தை வைத்தால் ஓர் இடத்தில் மிகையாகவும் இன்னோர் இடத்தில் குறையாகவும் முடியும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் காலநிலைக் குழு 2018இல் இடவாரியாக இந்தக் கணிப்புகளை வெளியிட்டிருக்கிறது.

பட்ஜெட்டில் விட்டுப்போகும் செலவுகள்: கரையோர மனைக்காரர் ஒவ்வொருவருக்கும் அனுப்பும் அஞ்சலட்டையின் அச்சுக்கூலியும் தபால் செலவும், செய்தித்தாளில் சட்ட அறிவிப்பு, நகர வழக்கறிஞர் படித்துப் பார்க்கும் மணிகள், நிறைவேறிய பிறகு விதியை நகரச் சட்டத் தொகுப்பில் ஏற்றும் கட்டணம். தனித்தனியாகப் பார்த்தால் சின்னவைதான். ஆனால் எல்லாம் கடைசி மாதங்களில் ஒன்றாக வந்து நிற்கும்.

கன்சல்டன்ட் ஒப்பந்தத்தில் மூன்று விஷயத்தை எண்ணாகவே எழுதுங்கள்: எத்தனை கூட்டத்துக்கு நேரில் வருவார்கள், எத்தனை சுற்றுத் திருத்தம் தொகையில் அடக்கம், பொதுமக்கள் கருத்துகளுக்குப் பதில் தயாரிக்க எத்தனை மணி. மூன்றாவதில்தான் கணக்கு தவறும். கரைச்சுவர் பற்றிய ஒரே ஒரு விதி மாறினாலும் கடிதங்கள் குவியும்; ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும். வரைபடக் கோப்புகளின் மூலப் பிரதி நகரத்துக்கே சொந்தம் என்றும் எழுதிவாங்குங்கள். பி.டி.எஃப். மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த சுற்றில் எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டியிருக்கும்.

காலத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

ஒப்புதலுக்கு இரண்டு வழிகள் உண்டு. பழைய வழியில் கவுன்சில் முதலில் நிறைவேற்றும். பிறகு மாநிலம் தன் பங்குக்குக் கருத்துக் கேட்டு, மாற்றம் தேவை என்றால் திருப்பி அனுப்பும். கவுன்சில் மறுபடி கூட வேண்டும். 2017இல் வந்த கூட்டு ஆய்வு முறையில் நகரமும் மாநிலமும் சேர்ந்து குறைந்தது 30 நாள் கருத்துக் கேட்கின்றன. அதன்பின் வரைவை அனுப்பினால், பொருந்துகிறதா என்ற முதற்கட்டத் தீர்மானத்தை மாநிலம் சொல்லிவிடும். மாநிலம் கேட்ட மாற்றங்களையும் சேர்த்துக் கவுன்சில் ஒரே முறை வாக்களித்தால் போதும். மறுஆய்வுக்கு இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

கெடு 2029 ஜூன் 30 என்றால், மே மாதத்துக்குள் இறுதிக் கோப்பு மாநிலத்துக்குப் போக வேண்டும். ஏப்ரலில் கவுன்சில் வாக்கெடுப்பு. ஜனவரியில் முதற்கட்டத் தீர்மானத்துக்கு அனுப்புதல். 2028 நவம்பர், டிசம்பர் முழுக்கக் கருத்துகளுக்குப் பதில். அக்டோபரில் கூட்டுக் கருத்துக்கேட்பு. கோடையில் திட்டக் குழுவின் அமர்வுகள். ஆகஸ்டில் பல குழுக்களுக்கு விடுமுறை என்பதையும் மறந்துவிட வேண்டாம். வரைவு எழுத 2028இன் முதல் பாதி. ஆக, 2027 கடைசிக்குள் விடுபட்டவற்றின் பட்டியலும் மக்கள் பங்கேற்புத் திட்டமும் கையில் இருந்தாக வேண்டும். நிறைவேற்றுவதற்குக் குறைந்தது 60 நாள் முன்னால் வணிகத் துறைக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். மாநிலச் சுற்றுச்சூழல் சட்டப்படியான சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். இந்த 60 நாளைத் தவறவிட்டுக் கவுன்சில் தேதியைத் தள்ளிவைப்பது அடிக்கடி நடக்கிறது.

பழங்குடி அரசுகளைப் பொது அறிவிப்புப் பட்டியலில் ஒரு பெயராகச் சேர்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. நீதிபதி போல்ட் 1974இல் அளித்த தீர்ப்பு, அமெரிக்க அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பழங்குடிகளுக்குப் பிடிக்கத்தக்க மீனில் பாதியளவுக்கு உரிமை உண்டு என்று உறுதிசெய்தது. கரை கெட்டால் முதலில் கெடுவது அந்த மீன்தான். வரைவு எழுதத் தொடங்கும் முன்பே, அரசுக்கு அரசு என்ற முறையில் தனிக்கடிதம் எழுதிச் சந்திப்புக் கேளுங்கள். அவர்களுடைய மீன்வள அலுவலர்களிடம் இருக்கும் களத் தரவு பல நகரங்களிடம் இல்லை.

கூட்டத்தில் எழும் இரண்டு கேள்விகள்

மனைக்காரர்களின் முதல் பயம் ‘விதிக்குப் பொருந்தாத கட்டடம்’ என்ற சொல்தான். இடைவெளி விதி கூடினால் பழைய வீடு அந்த வகைக்குள் போய்விடும். வங்கிக் கடனும் காப்பீடும் சிக்கலாகும் என்று அஞ்சுகிறார்கள். நியாயமான பயம். சட்டப்படி முன்பே கட்டிய வீடுகளைப் பொருந்தும் கட்டடமாகவே கருதலாம் என்று 2011 முதல் சட்டம் இடம் தருகிறது. அந்த வாசகத்தை வரைவிலேயே சேர்த்து, முதல் அஞ்சலட்டையில் ஒரு வரியாகச் சொல்லிவிட்டால் கூட்டத்தின் சூடு பாதி தணியும்.

இரண்டாவது கரைச்சுவர். சியாட்டிலை ஒட்டிய கடல்பகுதியான பியூஜெட் சவுண்ட் கரையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுவரோ கல்லடுக்கோ இருக்கிறது. சுவர் நின்றால் மேட்டிலிருந்து மணல் கீழே வராது. கரை அரித்துக் கூழாங்கல்லாகும். சர்ஃப் ஸ்மெல்ட், சேண்ட் லான்ஸ் போன்ற சிறுமீன்கள் முட்டையிடும் மேல்மணல் இல்லாமல் போகும். அவற்றைத் தின்னும் சால்மனுக்கும் அடி. இடிந்த சுவருக்குப் பதில் புதுச்சுவர் என்று கேட்பவரிடம் இதைப் படத்தோடு காட்டுங்கள். 2021இல் வந்த சட்டத்தின்படி, வீட்டுக் கரைச்சுவரை மாற்றும்போது தொழில்நுட்ப ரீதியில் இயலக்கூடிய, பாதிப்பு மிகக் குறைந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த அனுமதி மீன், வனவிலங்குத் துறையுடையது. உங்கள் விதி அதற்கு முரணாக இருந்தால் மனைக்காரர் இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே அலைவார்.

இடைவெளியையோ நில வகைப்பாட்டையோ தொட்டால், கரையின் சூழலியல் செயல்பாட்டில் நிகர இழப்பு இல்லை என்று காட்டும் ஒட்டுமொத்த விளைவு ஆய்வைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான தொகையைத் தனி வரியாக வையுங்கள். தொடப்போவதில்லை என்று முடிவானால் வேறு பணிக்கு மாற்ற மாநிலத் திட்ட மேலாளரிடம் எழுத்தில் கேட்கலாம்.

இறுதிக் கோப்பில் கவுன்சில் ஆணை, அடித்தலும் அடிக்கோடுமாக மாற்றங்கள் தெரியும் வாசகம், வரைபடங்கள், அறிவிப்புகளின் சான்று, கருத்துகளும் பதில்களும், நிரப்பிய சரிபார்ப்புப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். மாநிலத்தின் இறுதி முடிவுக் கடிதத்தின் தேதியிலிருந்து 14ஆம் நாள் விதி நடைமுறைக்கு வரும். வளர்ச்சி மேலாண்மைச் சட்டத்தின்கீழ் திட்டமிடும் நகரம் என்றால், முடிவு வெளியாகி 60 நாளுக்குள் வளர்ச்சி மேலாண்மை விசாரணை வாரியத்தில் மேல்முறையீடு வரலாம். அந்த நாட்கள் பெரும்பாலும் ஜூன் 30ஐத் தாண்டியே வரும். அதனால் வழக்கறிஞருக்கு ஒரு தொகையை நகரத்தின் சொந்த நிதியில் அடுத்த ஆண்டுக் கணக்கில் ஒதுக்கிவிட்டு, அனுமதிப் படிவங்களையும் முகப்பு மேசைக் கையேட்டையும் விதி நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே மாற்றிவையுங்கள்.